உறவை அறுத்தவர் யார்? தங்கவயல் எழுப்பும் கேள்வி

தனிமை, உலக அரசுகளின் கவலைப் பட்டியலில் அண்மைக் காலத்தில் இடம்பெற்றுவிட்டது. பிரிட்டன் 2018-இல் தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது; 2021-இல் ஜப்பான் அதே வழியில் சென்றது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூன் 30 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதன் விளைவாக ஆண்டுக்கு 8 இலட்சத்து 71 ஆயிரம் உயிர்கள், அதாவது மணிக்கு ஏறத்தாழ நூறு உயிர்கள், போகின்றன என்றும் அது கணக்கிட்டது. குழந்தைக்கும் இளைஞருக்கும் நடுவயதினருக்கும் முதியவருக்கும், வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் தன்னைச் சூழ்ந்த மக்களோடு பிணைப்பு வேண்டும் என்பதே அதன் சாரம். இதில் மறுக்க ஒன்றுமில்லை.

மறுக்க வேண்டியது அதற்கு வழங்கப்படும் மருந்துச் சீட்டை. பழைய நண்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள், அண்டை வீட்டாரைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள், கைப்பேசியைச் சற்று ஒதுக்கி வையுங்கள் என்று நாளேடுகளின் ஞாயிறு இணைப்புகள் பரிந்துரைக்கின்றன. பூங்காவும் நூலகமும் வேண்டும் என்று அறிக்கை சொல்வது உண்மையே. ஆனால் பொதுவெளிகளுக்கு மூடுவிழா நடத்தும் அரசுகளின் பெயரை அது சொல்வதில்லை. நோய் உண்டு, நோயாளி உண்டு, நஞ்சிட்டவர் மட்டும் எங்கும் தென்படுவதில்லை. நவதாராளமயத்தின் மருத்துவம் இத்தகையது.

இந்த மருத்துவத்தை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டுமெனில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குச் செல்லலாம். பங்காருப்பேட்டையில் பிரிந்து மாரிகுப்பத்தில் முடியும் கிளைப்பாதையில் ஊரிகம் ஒரு நிலையம். ஒரு காலத்தில் இலண்டன் பங்குச் சந்தையில் விலைபேசப்பட்ட பெயர் அது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் சுரங்கங்களோடு ஊரிகம் சுரங்கமும் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. 1880 முதல் 2001 வரை இந்த நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அதை வெட்டியவர்களுள் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்திவிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். (2018-இல் வெளிவந்த திரைப்படம் தங்கவயலை ஒரு தனி நாயகனின் துப்பாக்கி ராஜ்ஜியமாக்கிக் காட்டியது. அதை நாடெங்கும் கொண்டாடிய கூட்டத்தில், அங்கே ஒரு தொழிற்சங்கம் இருந்தது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?)

வந்திறங்கிய மக்களிடம் 'சமூகம்' ஏதும் இருக்கவில்லை. கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு அடைத்த லைன் வீடுகளை. வெள்ளையருக்கு பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. 'சின்ன இங்கிலாந்து' என்னும் பட்டப்பெயர் அந்தப் பகுதிக்கு உரியது. லைனுக்கு அந்தப் பெயரை எவரும் வைக்கவில்லை. அந்த லைனில்தான் தொழிலாளர் தம் கையாலேயே ஒரு சமூகத்தைக் கட்டினர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குச் சுரங்கத் தொழிலாளர் வாசகராகவும் புரவலராகவும் ஆயினர். அவர் மறைந்து, இதழும் நின்றுபோன பின்னர், 1926-இல் அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் புறப்பட்டது. பகல் முழுதும் பாறையைத் துளைத்தவர்கள் இதழ் நடத்தினார்கள், விவாதித்தார்கள். தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'கம்யூனிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெயர்ப்பது எளிதன்று. தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்றால் சாதிச் சான்றிதழ். சமூகத்தோடு இணைந்திருங்கள் என்னும் அறிவுரை இந்திய மண்ணில் சாதியோடு ஒட்டியிருங்கள் என்று பொருள்பட்டுவிடும் ஆபத்து இங்கேதான் உள்ளது. பிறப்பினால் வாய்த்த கூட்டமும் மனிதர் தெரிந்து தேர்ந்து கட்டிய கூட்டுறவும் ஒன்றல்ல. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவிடாத சமூகத்தோடு இணைப்பு அறுந்தது தங்கவயல் மக்களுக்கு நோயை அன்று, விடுதலையையே கொண்டுவந்தது. எனவே எந்த இணைப்பு, யாரோடு, எவர் கட்டியது என்று கேளாமல் 'இணைப்பு நல்லது' என்று பொதுப்படச் சொல்வது வெறும் உபதேசம்.

1930-இல் கம்பெனி தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவுசெய்ய முற்பட்டது. குற்றவாளிகளுக்குச் செய்வதை உழைப்பாளிக்குச் செய்வதா என்று வயல் முழுதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மைசூர் சமஸ்தானச் சட்டம் தொழிற்சங்கத்தை ஏற்காத காலம் அது. பதிவுபெற்ற சங்கம் இல்லை. ஆயினும் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன, நிர்வாகம் பின்வாங்கியது. லைன் வீடுகளின் திண்ணையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கள்ளுக்கடையிலும் இராப் பள்ளியிலும் கட்டப்பட்டிருந்த உறவு அன்றி வேறெதுவும் அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியிருக்க முடியாது. நாற்பதுகளில் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் முதலிய தோழர்கள் அந்த உறவுக்குச் செங்கொடியின் கீழ் சங்க வடிவம் தந்தனர். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரீந்தனர்.

அந்த உறவு உயிர் காத்த உறவும்கூட. 1940-க்கும் 1946-க்கும் இடையில் தங்கவயலில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரின் நுரையீரலில் சிலிகோசிஸ் படிந்திருந்தது. பாறை வெடிப்பில் எந்த ஷிஃப்டில் எவர் திரும்பி வரமாட்டார் என்பது தெரியாத வாழ்க்கை. இருமித் தேய்ந்தவரின் குடும்பத்துக்கு அடுத்த வீட்டு உலை பொங்கியது. இதை வறுமையின் அழகு என்று பாடுவது அயோக்கியத்தனம். கம்பெனி செய்திருக்க வேண்டியதை லைன் செய்தது, அவ்வளவே.

2001 பிப்ரவரி 28 அன்று வாஜ்பாய் அரசு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியது. 'நலிவுற்ற நிறுவனம்' என்பது அரசு சொன்ன காரணம். மூடப்பட்டது ஆலை மட்டும் என்று கணக்கெழுதுவோர் கருதினர். சம்பளத்தோடு சாம்பியன் ரீஃப்பின் சுரங்க மருத்துவமனையும் போயிற்று. ஷிஃப்ட் நேரம் போயிற்று. சங்கக் கூட்டத்துக்கு வரும் ஓய்வு மாலை போயிற்று. அன்று முதல் தங்கவயலின் இளைஞர் விடிவதற்கு முன்பே எழுந்து மாரிகுப்பத்திலும் ஊரிகத்திலும் ரயிலேறி நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு சென்று இருட்டிய பிறகு திரும்புகின்றனர். நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயில் பெட்டியிலேயே கழிகிறது. காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஆயத்த ஆடைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி என அவர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகள். இன்று இங்கே, அடுத்த மாதம் வேறிடத்தில். தன் பக்கத்தில் வேலை செய்பவரின் பெயரை அறியும் முன்பே அவர் மாற்றப்பட்டுவிடுகிறார். இவரிடம் சென்று, அண்டை வீட்டாரோடு உறவாடுங்கள் என்று ஆலோசனை சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

விளைவு எல்லா வயதிலும் தெரிகிறது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் தாயும் தந்தையும் வீட்டில் இல்லை. முதியவர் திண்ணையில் இருக்கிறார். பேசவேண்டியவர் ரயிலில் இருக்கிறார். இபிஎஸ்-95 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அந்தத் தொகையில் பேருந்தேறி உறவினரைப் பார்த்துவருவதும் ஆடம்பரம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரொசெட்டோ என்றொரு சிற்றூர். இத்தாலியிலிருந்து குடியேறிக் கற்பலகைச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் ஊர். அங்கே மாரடைப்பு மரணம் அண்டை ஊரைக் காட்டிலும் மிகக் குறைவாக இருந்ததை 1960-களில் மருத்துவர் ஸ்டூவர்ட் உல்ஃபும் சமூகவியலாளர் ஜான் புரூனும் ஆராய்ந்தனர். உணவிலோ புகைப் பழக்கத்திலோ காரணம் கிட்டவில்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழும் ஊர்ச் சங்கங்களிலும் பிணைந்திருந்ததையே அவர்கள் காரணமாகக் கண்டனர். பிணைப்பு தளர்ந்ததும் எழுபதுகளில் அந்த ஊரும் அண்டை ஊர்களைப் போலவே மாரடைப்புக்கு ஆளாயிற்று. ரொசெட்டோவின் பிணைப்பு வசதி பெருகி மெல்லத் தளர்ந்தது. தங்கவயலின் பிணைப்பை ஓர் அரசாணை ஒரே நாளில் வெட்டியது.

வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்பதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. சங்கம் விலகிய தெருவில் சாதிப் பேரவையின் பேனரும் மதவெறி அமைப்பின் ஊர்வலமும் நுழைகின்றன. அவையும் 'நீ தனியன் அல்லன்' என்றுதான் அழைக்கின்றன. தனிமையில் வாடும் இளைஞனுக்கு அவை தரும் தோழமை உண்மையானதாகவே தோன்றும். அதன் விலை, பக்கத்து லைனில் இருப்பவனைப் பகைவனாகக் காண்பது. தனிமைக்கு எதிரான போராட்டத்தை மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் விட்டுவிட முடியாது என்று இடதுசாரிகள் வலியுறுத்துவது இதனாலேயே.

இப்பொழுது தங்கவயலின் மீது மீண்டும் பார்வை திரும்பியுள்ளது, மக்களின் மீதன்று, சயனைடு மேடுகளின் மீது. தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் அங்கே 13 குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வருகிறது. உலகளாவிய டெண்டர் விட மத்திய அரசு எடுத்த முடிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கழிவு மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மண்ணுக்கு விலை உண்டு, டன் கணக்கு உண்டு. ஆனால் குடியிருக்கும் வீட்டின் உரிமை குடியிருப்போருக்கே என்று மூடல் நாள் முதல் எழும் கோரிக்கை மேசைக்கு மேசை நகர்கிறது. லைன் வீடுகள் கலைக்கப்பட்டால் மக்கள் பெங்களூருவின் புறநகர்ச் சேரிகளுக்குச் சிதறுவர். நூறாண்டுக்கும் மேலாகக் கட்டிய உறவை அங்கே எந்த ஆணையமும் மீட்டுத் தராது.

ஆகவே வீட்டுரிமைப் பட்டா, முன்னாள் சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனை, உள்ளூரிலேயே நிரந்தர வேலை, பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் நூலகமும் மருத்துவமனையும் என்பவையே தங்கவயலின் கோரிக்கைகள். கழிவு மேட்டுக்கு டெண்டர் கோரும் அதே அலுவலகத்தின் வாயிலில் அவை வைக்கப்பட வேண்டும், டெண்டர் திறக்கப்படும் நாளுக்கு முன்பாக.