கூரை தந்த நீர்



பல்லாவரத்துத் தெருவிலே தண்ணீர் லாரி வந்து நிற்கும் காட்சியைக் கண்டிருப்பீர்கள். குடங்கள் முந்தும், குரல்கள் மோதும். அப்படிப் போராடிப் பெற்ற நீரைத்தான், கழிப்பறைத் தொட்டியிலே நிரப்பி, ஒரு முறைக்குப் பத்து லிட்டர் வீதம் சாக்கடைக்கு வழியனுப்பி வைக்கிறோம்!

வானம் வஞ்சித்துவிட்டதா? இல்லை. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி மீது விழுவது சுமார் 1,30,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக, ஒரு லட்சம் லிட்டராவது மிஞ்சும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைத்துக் கொட்டிய அதே கைகள், 2019 ஜூனில் குடம் ஏந்தி நின்றன. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினர். நல்ல சட்டம், கொண்டுவந்தவர் எவரென்று பார்த்தா நல்லதைப் பாராட்டுவது? ஆனால், பெரும்பாலான வீடுகளில் குழாய் மண்ணோடு நின்றுவிட்டது. எந்த மண்? தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணற்று நீர் கெட்ட மண்! குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை பக்கத்திலேதான் இருக்கிறது. பெரிய ஏரியோ சாலையால் பிளவுண்டு, குப்பையால் நிறைந்து, நம் வெட்கத்தைச் சுமந்து கிடந்தது.

ஆகவே, மண்ணுக்குக் கொடுக்குமுன் மனைக்குக் கொஞ்சம் எடுங்கள் என்கிறேன். முதல் மழையை வெளியே விடுங்கள். மாடியின் தூசு போகட்டும். பிறகு வருவதை மணல், சரளை வழியே வடித்து, 5,000 லிட்டர் தொட்டியிலே சேருங்கள். அங்கிருந்து தனிக்குழாய், கழிப்பறைக்கு மட்டும். சமையலறைக் குழாயோடு அது எங்கும் கூடவே கூடாது. வேறு வண்ணம் பூசிவிடுங்கள். ஐவர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு 250 லிட்டர் என்றாலும், ஒரு முறை நிறைந்த தொட்டி இருபது நாள் தாங்கும். வடகிழக்குப் பருவத்தில் அது மீண்டும் மீண்டும் நிறையும்; வழிந்தது மண்ணுக்கே போகட்டும். கோடைக்கு இது போதாதுதான். போதும் என்று பொய்யுரைக்க நான் மேடை ஏறவில்லை.

பழைய வீட்டில் சுவரை உடைக்க வேண்டும். குடிக்கூலி வீட்டாருக்கோ உடைக்க உரிமையே இல்லை. புதிய கட்டடத்துக்கு என்ன தடை? பல்லாவரம் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஐப்பசி பிறக்குமுன், உங்கள் வட்டத்து மாமன்ற உறுப்பினரைச் சந்தியுங்கள். புதிய கட்டட வரைபடம் ஒவ்வொன்றிலும் அந்த இரண்டாவது குழாய் இடம்பெற வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் தோழரே உறுப்பினராக இருந்தால், இரண்டு முறை கேளுங்கள்!