புதுக் கணினி வாங்குமுன் ஒரு கேள்வி

எனது மேசைக் கணினிக்கு வயது ஏழு. சென்ற ஆண்டு, அது ஒரு கட்டுரைக் கோப்பைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் நிலை. "இனி இது சரிவராது, புதிசா ஒண்டு வாங்குங்கோ சேர்" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு திரும்பினேன். 2022இல் ரூபா சரிந்த பின்னர், இறக்குமதிப் பொருள் எதையும் நாம் இருமுறை யோசித்தே வாங்குகிறோம்.

உண்மையில் கணினி பழுதாகவில்லை. அதன் நினைவகம் போதவில்லை. இருந்தது 4 ஜிகாபைட் மட்டுமே.

நினைவகத்தை எழுதுபவனின் மேசை என்று கொண்டால், வன்தட்டு மூலையில் நிற்கும் அலுமாரி. மேசை சிறிதானால், ஒரு தாளை விரிக்க இன்னொன்றை அலுமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். நினைவகம் நிரம்பிய கணினியும் இப்படித்தான் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே அலைகிறது. சுழலும் வன்தட்டோ நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மந்தமானது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் போதும். விண்டோஸ் 11 கேட்பதோ குறைந்தது 4 ஜிகாபைட். அதாவது 64 மடங்கு.

8 ஜிகாபைட் கொண்ட ஒரு பலகையைச் செருகினேன். பத்து நிமிட வேலை. அன்று முதல் தேநீரைச் சூடாகவே அருந்துகிறேன்.

ஆயினும் நினைவகம் சர்வரோக நிவாரணியன்று. வழக்கமான வேலைகளின்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்திப் பாருங்கள். நினைவகப் பயன்பாடு எப்போதும் 90 சதவீதத்தைத் தொடுமானால் கூட்டுங்கள். பாதியே பயன்படுகிறதெனில் குறை வேறிடத்தில், காசை வீணாக்காதீர்கள். வகையும் பொருந்த வேண்டும்: டிடிஆர்3 பலகை டிடிஆர்4 பொருத்துவாயில் ஏறாது.

என் ஆதங்கம் இனித்தான். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டியே பற்றவைக்கப்படுகிறது. உடல் மெலியும், மின்கலம் சற்று நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நினைவகம் போதாத நாளில் நல்ல கணினியொன்றைக் குப்பைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று.

ஆகவே, பணத்தைக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதன் நினைவகத்தைப் பிறகு கூட்டலாமா?" இல்லையென்றால், வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.