வாலுக்குக் கீழே ஒரு கட்டி

போன மாசம் மச்சான் ஒரு குதிரை பார்க்கப் போனவன். நானும் கூடப் போனேன். உப்புவெளிக் கடற்கரையில வெளிநாட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ஏற்றி நடத்தினா நாளுக்கு நாள் காசு எண்டது அவன்ர கணக்கு. வெள்ளைக் குதிரை, வயது பதினாறு எண்டார் விற்கிறவர். பெரியப்பா சுழி பார்த்தார். மச்சான் பல்லைப் பார்த்தான். தானமாக் கிடைச்ச மாட்டைத்தானே பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாது, இது காசு.

இலையானை விரட்டக் குதிரை வாலை விசுக்கினபோதுதான் நான் கண்டது: வாலடியில் கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் மூன்று கட்டிகள்.

"அது மரு தம்பி, ஒண்டும் செய்யாது. முடியால இறுக்கிக் கட்டி விட்டா விழுந்திடும்" எண்டார். அதே மூச்சில் விலையையும் குறைத்தார். ஒண்டும் செய்யாத மருவுக்கு விலை ஏன் குறையுது?

வீட்டுக்கு வந்து வாசித்தேன். நாங்கள் வெள்ளைக் குதிரை எண்டு சொல்லுறதில் அநேகமானவை பிறக்கும்போது கறுப்போ பழுப்போதான். வயது ஏற ஏற வெளுக்கும். அப்படி வெளுக்க வைக்கிற மரபணு மாற்றமே மெலனோமா என்ற தோல் கட்டி வரும் அபாயத்தையும் கூட்டுகிறது என்பதை 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 15 வயது தாண்டிய இவ்வகைக் குதிரைகளில் நூற்றுக்கு 70, 80க்கு இது வரும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் வாலடியில்தான். பல வருடம் மெதுவாக வளரும். சில உள்ளுறுப்புகளுக்கும் பரவும். பெருத்தால் சாணம் போடுவதே கஷ்டம்.

சார்க்கொயிட் எண்டு இன்னொரு வகையும் இருக்கு. மாடுகளுக்கு மரு வரச்செய்யும் வைரஸோடு தொடர்புடையது. அதை அரைகுறையாக வெட்டினால் முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வரலாம். ஆகவே முடி கட்டுற வைத்தியம் விளையாட்டில்லை.

"அப்ப சவாரிக்குப் பிரச்சினை இல்லைத்தானே?" எண்டு மச்சான் கேட்டான். இப்போதைக்கு இல்லை. எனக்குப் பயமே அதுதான். சேணம் போடுற முதுகு சுத்தமாக இருக்கு. கட்டி இருக்கிறது ஏறுகிறவன் பார்க்காத இடத்தில். குதிரை உழைத்துக்கொண்டே இருக்கும், கட்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அது உழைக்க முடியாமல் போற நாளில் யார் பார்ப்பது? எங்கட பக்கத்துக் கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் பார்க்கிறவை. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில். சட்டமோ, மிருகவதைக்கு உச்சத் தண்டம் 100 ரூபாய் எண்டு 1907இல் எழுதி வைத்த சட்டம். நுவரெலியாவில் குதிரைகள் ரோட்டில் திரியுறதைக் கண்டிருப்பீங்கள். அவ்வளவு தூரம் ஏன்? கோணேசர் கோயிலுக்குப் போற வழியில் புள்ளிமானோடு செல்பி எடுக்கிறம். அது பொலித்தீன் தின்னும்போது யாருடைய மான்?

சுழி பார்க்கிறதை நான் நக்கல் அடிக்கவில்லை. ஆனால் அது, குதிரையால் எங்களுக்கு என்ன வரும் எண்ட கேள்வி. எங்களால் குதிரைக்கு என்ன வரும் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

என்ர கருத்து இதுதான். அச்சவாரம் குடுக்க முதல் ஒரு கால்நடை வைத்தியர் அந்தக் கட்டியைப் பார்க்க வேணும். குறைத்த விலை லாபமில்லை. அது குதிரையின் மருந்துக் காசு, தனியாக எடுத்து வைக்க வேணும். உழைக்காத குதிரைக்கும் புல்லு போட வீட்டில் ஆள் வேணும். இந்த மூன்றும் இல்லையெண்டால், கட்டியே இல்லாத குதிரையையும் வாங்கக்கூடாது.

"நாங்கள் வாங்காட்டி வேற ஆரோ வாங்குவான். அவன் வாலடியைப் பார்ப்பானோ?" எண்டு மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. நாங்கள் விலகினால் எங்கட கை சுத்தம். குதிரைக்கு ஒண்டும் மாறாது. அதுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் பரிதாபத்தில் வாங்கி, ரெண்டு வருடத்தில் நாங்களே கைவிட்டால் அதுதான் பெரிய பாவம் எண்டு நினைக்கிறேன்.

நேற்று இரவு மச்சான் கோல் எடுத்தான். விற்கிறவர் விலையை இன்னும் குறைச்சிட்டாராம்.