சிறு சிப்புக்காகத் தராசையே தூக்கிப் போடுவதா?



கடலூர் முதுநகரிலும் சிதம்பரம் வீதிகளிலும் கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர் எலக்ட்ரானிக் தராசுக்கும் பில் மெஷினுக்கும் மாறிவிட்டோம். வசதிதான். ஆனால் ஒருநாள் காலையில் எண்கள் தாறுமாறாக ஓடினால், "போர்டு போச்சு முதலாளி, புதுசா வாங்கிடுங்க" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய் செலவு. உண்மையில் போனது என்ன என்று நாம் கேட்பதே இல்லை.

இக்கருவிகளின் போர்டில் ஃபிளிப்-ஃபிளாப் என்னும் சிறு நினைவுச் சுற்று உண்டு. இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டான் என்ற இருவர் 1918-இல் வால்வுகளைக் கொண்டு உருவாக்கியது இது. சொன்னதைக் குறித்துக்கொண்டு, அடுத்த மணி அடிக்கும்வரை மாற்றாமல் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை போன்றது. இன்று இருபது கால் கொண்ட ஒரே சிப்பில் இப்படி எட்டு கணக்குப்பிள்ளைகள். சில கருவிகளில் இது தனிச் சிப்பாக இருக்கும். சிலவற்றில் பெரிய சிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இதன் வெளியீட்டைத் திறக்கவும் மூடவும் முடியும். ஏலக்கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை சொன்னால் யார் குரலும் புரியாது அல்லவா? அதுபோல ஒரே கம்பியைப் பல சிப்புகள் பயன்படுத்தும்போது, முறை வந்தது மட்டும் பேசும். மற்றவை வாய் மூடியிருக்கும். இந்த ஒழுங்கு கெட்டால் தராசில் தப்பு எண் வரும்.

சுவரில் வரும் 230 வோல்ட்டைப் பல கருவிகள் 3.3 வோல்ட் அளவுக்குக் குறைத்தே இச்சிப்புக்குக் கொடுக்கின்றன. பழைய 5 வோல்ட் சிப்பை அவ்விடத்தில் ஒட்டவைத்தால் சரியாக வேலை செய்யும் என்ற உறுதியில்லை. மின்சாரம் நின்றால் இச்சிப்பு வைத்திருந்த எண்ணும் மறந்துபோகும். ஆகவே அன்றாடக் கணக்கை நோட்டில் எழுதும் பழக்கத்தை விடக் கூடாது. நம் ஊர்க் கடற்காற்றின் உப்பும், கடையின் மிளகாய்ப்பொடித் தூசும் போர்டின் கால்களை அரிக்கும். உறை போட்டு வைப்பது நல்லது.

இச்சிப்பின் விலை சில பத்து ரூபாய்தான். பழுது அதில்தான் என்றால் அதை மட்டும் மாற்றித் தரலாமே! ஆனால் முத்திரையைக் கண்டவரும் உடைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவரே பழுது பார்க்க வேண்டும். பின்பு மறுமுத்திரை பெற வேண்டும். பழுது இல்லாவிட்டாலும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை கட்டாயம்.

எனவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு. வாங்கும்போதே, உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுதி வாங்குவோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் மாதம் ஒரு நாள் உரிமம் பெற்ற மெக்கானிக் வந்து பார்க்க, நம் சங்கங்கள் ஏற்பாடு செய்யட்டும்.

இன்னொன்று: சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே கருவி வாங்கிய சிறு வணிகரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. குறையுள்ள தராசைத் தலையில் கட்டினால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தனியாகக் கேட்டால் "போர்டு போச்சு" என்பார்கள். சங்கமாய்க் கேட்டால் சிப்பைத் தேடிப் பார்ப்பார்கள்.