வெப்பக் கணக்கு முதலில்

செவ்வாய்க் கோளுக்கு மனிதர்களை விரைவாக அனுப்ப அணுசக்தி ராக்கெட்டே ஏற்றது என்ற பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. இந்த ராக்கெட்டில் எதுவும் எரிவதில்லை. அணு உலையின் வெப்பம் ஹைட்ரஜனைச் சூடாக்குகிறது. சூடேறிய வாயு பின்புறமாகச் சீறிப் பாய்ந்து ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. ஒரே எடையுள்ள உந்துபொருளைக் கொண்டு, இரசாயன ராக்கெட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு உந்துதல் பெறலாம். அப்படியானால் உடனே கட்டிப் பறக்கவிட வேண்டியதுதானே எனச் சிலர் கேட்கின்றனர். இந்த அவசரம் ஆபத்தானது.

தொட்டியில் ஹைட்ரஜன் சுழியத்திற்குக் கீழ் 253 பாகை செல்சியஸ் குளிரில் திரவமாக இருக்கிறது. உலையின் நுண்துளைகளைக் கடந்து வெளியேறும்போது அதன் வெப்பநிலை 2,000 பாகையைத் தாண்டிவிடுகிறது. அந்த உலையின் நீளமோ ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கடுங்குளிரும் கடும் வெப்பமும் இவ்வளவு நெருங்கி நின்றால் எந்தப் பொருளும் விரியும், சுருங்கும், வெடிப்பு விடும். எந்தத் துளையில் எவ்வளவு வாயு ஓடும், எந்த மூலை மிகுதியாகச் சூடேறும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணித்துப் பார்ப்பதே வெப்ப மாதிரியாக்கம்.

அமெரிக்கா 1955இல் தொடங்கிய ரோவர் திட்டம் இதன் தேவையைக் காட்டியது. 1962இல் நெவாடா பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட கிவி வகை உலை ஒன்றில் எரிபொருள் தண்டுகள் உடைந்து வெளியே பறந்தன. பிறகு, உலையை இயக்காமல் வாயுவை மட்டும் செலுத்திப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வாயு ஓட்டம் எழுப்பிய அதிர்வே தண்டுகளை உடைத்திருந்தது. 1965இல் ஃபீபஸ் உலைக்கு வேறு விதமான சோதனை. தொட்டியின் அளவி தவறாகக் காட்ட, ஹைட்ரஜன் தீர்ந்தது தெரியாமல் உலை சூடேறிச் சிதைந்தது. 1973இல் திட்டமே கைவிடப்பட்டது.

கணினி இருக்கும்போது செலவுமிக்க சோதனை எதற்கு என்பாரும் உண்டு. அதுவும் சரியன்று. அளந்து பெற்ற எண்கள் இல்லாத கணிப்பு வெறும் ஊகமே. நாசாவின் மார்ஷல் மையத்தில், மாதிரித் தண்டுகளை மின்சாரத்தால் சூடாக்கி, ஹைட்ரஜனைப் பாய்ச்சிச் சோதிக்கும் கருவி உள்ளது. அணுப்பிளவு இல்லாமலே பல கேள்விகளுக்கு அங்கு விடை கிடைக்கிறது. பெரிய ராக்கெட்டுக்கு முன் இத்தகைய பணிக்கே பணம் ஒதுக்க வேண்டும்.

மேலும், அணு உலையை நிறுத்தினாலும் அதன் வெப்பம் உடனே நின்றுவிடாது. அதன் பிறகும் ஹைட்ரஜனைச் செலுத்திக் குளிரூட்டியாக வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஹைட்ரஜன் என்ற கணக்குத் தவறினால், வீடு திரும்ப வைத்திருந்த ஹைட்ரஜன் செவ்வாயின் அருகிலேயே தீர்ந்துவிடும்.