டர்போவா, சூப்பர்சார்ஜரா?



ஈஜோக் பக்கத்துத் தோட்டத் தம்பி ஒருவர் கேட்கிறார்: "ஐயா, என் பழைய காடிக்கு வேகம் போதவில்லை. டர்போ போடவா, சூப்பர்சார்ஜர் போடவா? எது பழுதில்லாமல் உழைக்கும்?" அதே உறைக்குள் அவருடைய தாயார் வைத்த துண்டுத் தாளும் இருந்தது: "என் சீட்டுப் பணத்தைக் கேட்கிறான். கொடுக்கலாமா?"

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தீ ஓங்கி எரிகிறதல்லவா? இரண்டு கருவிகளும் செய்வது அதைத்தான். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கின்றன. அதற்கேற்பப் பெட்ரோலும் கூடினால் பலம் கூடும்.

வேற்றுமை, ஊதுவது யார் என்பதில்தான். டர்போவின் சக்கரத்தைப் புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான புகை சுழற்றுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் அதன் உயிர் எஞ்சின் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் மாற்றத் தவறினாலும், விரட்டி ஓட்டிவிட்டு உடனே எஞ்சினை நிறுத்தினாலும் எண்ணெய் கருகி, பேரிங் தேயும்.

சூப்பர்சார்ஜரை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. புகையின் சூடு அதற்கில்லை, மிதித்தவுடன் இழுக்கும். ஆனால் எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். பெல்ட்டும் பேரிங்கும் தேயும்.

கருவியை மட்டும் பார்த்தால் சூப்பர்சார்ஜருக்குத் தொல்லை சற்றுக் குறைவுதான். ஆனால், தம்பி, பெரும்பாலும் முதலில் உடைவது கருவியல்ல, உங்கள் எஞ்சின்!

காரணம் சொல்கிறேன். புரோட்டோனின் 1.6 கேம்ப்ரோ எஞ்சினின் அழுத்த விகிதம் 10. அதே நிறுவனம் 2011 டிசம்பரில் எக்ஸோரா காடிக்கு டர்போ வைத்தபோது அந்த விகிதத்தை 8.9 ஆகக் குறைத்தது. செய்தவர்களே எஞ்சினை மாற்றியமைத்த பிறகுதான் டர்போ வைத்தார்கள். நாமோ இருக்கிற எஞ்சினில் அப்படியே மாட்டச் சொல்கிறோம். காற்று கூடி, பெட்ரோல் அளவு சரியாக அமையாவிட்டால் நேரத்திற்கு முன்பே தீப்பற்றி எஞ்சின் 'தட்டும்'. பிஸ்டன் உருகும். டர்போவானாலும் சூப்பர்சார்ஜரானாலும் இதுதான் கதி.

"செம்பனைக் குலை லாரிகள் டர்போவோடு ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றனவே?" என்பீர்கள். அவை டீசல் எஞ்சின்கள். தொழிற்சாலையிலேயே அதற்கென வார்க்கப்பட்டவை.

1994-இல் வந்த 660 சி.சி. கஞ்சிலில் ஜப்பானிய மீராவின் டர்போ எஞ்சினையே முழுதாக இறக்கியவர்கள் உண்டு. டர்போவுக்கென்றே பிறந்த எஞ்சின் என்பதால் அது ஒருவகையில் மேல். ஆனால் பிரேக் பழைய கஞ்சிலின் பிரேக்காகவே இருந்தால்? பெஸ்தாரி ஜெயா, அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தை சாலையில், இரவில் எதிரே லாரி வரும்போது அதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பதிவும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு மறுக்கப்படலாம். அப்போது கடன் உங்கள் தலையில். ஜாமீன் நின்றவர் தலையிலும்தான்.

ஆகவே, தம்பி, முதலில் பிரேக், டயர், ரேடியேட்டர், எண்ணெய். பாதி 'வேகக் குறை' அதிலேயே தீரும். ஆசை அடங்காவிட்டால், காசு சேர்த்து டர்போவோடு பிறந்த காடியையே வாங்குங்கள். 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா அப்படிப்பட்டதுதான்.

அம்மா, சீட்டுப் பணத்தில் பிரேக்குக்கும் டயருக்கும் தாராளமாகக் கொடுங்கள். நாளை உங்களைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லப்போவதும் அந்தக் காடிதானே!

அடுத்த இதழில் சந்திப்போம்.