தேர் இழுக்க மட்டுமா ஊர்?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிக்க ஊர் வேண்டும். வெயிலிலே வியர்வை சிந்த ஊர் வேண்டும். ஆனால் தேர் எந்தத் தெரு வழியே போவது என்று தீர்மானிக்க மட்டும் ஊர் வேண்டாம். நாலு பெரிய மனிதர்கள் போதும்! அதனால்தான் அந்தத் தேர் சேரிப் பக்கம் திரும்பியதே இல்லை. தேருக்கு நேர்ந்த இந்தக் கதைதான் இன்று அரசு நிதியிலே நகரங்களைப் புதுப்பிக்கும் திட்டங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் திருப்பூரே போதும்.

2017 ஜூன் மாதம் சீர்மிகு நகரப் பட்டியலிலே திருப்பூரின் பெயர் ஏறியது. ஒன்றிய அரசு 500 கோடி வரை தரும். அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் கோடி! சிறிய தொகையா? அன்றைக்குத் திருப்பூர் மாமன்றத்திலே உறுப்பினர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், தெரியுமா? ஒருவர்கூட இல்லை! 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லாமல், அதிகாரிகளின் கையெழுத்திலே நகரம் நடந்தது. திட்டத்தை நிறைவேற்றவோ தனியாக ஒரு கம்பெனி!

மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று விதி இருந்ததே என்பார்கள். இருந்தது, மறுக்கவில்லை. விதிப்படி கேட்டார்கள் என்றே வைத்துக் கொள்வோம். கைபேசியில் கருத்துப் பதியவும், மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசவும் யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் பவர் டேபிளில் உட்கார்ந்து, ஒன்றரை ஷிஃப்ட் முடித்து, இரவு லைன் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் வந்ததா என்று கேட்கும் தொழிலாளிக்கா?

பஸ் நிலையம் புதிதாக எழுந்தது, நல்லதுதான். பஸ்ஸிலே போகிறவர்கள் நாம். கார்கள் நிறுத்த மாடி மாடியாகக் கட்டடம் எழுந்தது. கார் உள்ளவர்கள் மகிழட்டும். ஆனால் பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்றிருக்கும் லைன் வீடுகளைப் பற்றி, பிள்ளையை விட்டுச் செல்ல இடமில்லாத தாயைப் பற்றி, இரவு ஷிஃப்ட் முடிந்து இருட்டிலே நடந்து வரும் பெண்ணைப் பற்றி எவர் எந்த ஏட்டிலே குறித்தார்கள்?

சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. போகட்டும். நாளை வேறொரு பெயரிலே இன்னொரு நிதி வரும், வராமல் இருக்காது. அப்போதும் நாம் வடம் பிடிக்கும் கூட்டமாக மட்டும் நிற்கப் போகிறோமா என்பதே கேள்வி.

"பாமரனுக்குத் திட்டம் போடத் தெரியுமா? அது நிபுணர் வேலை ஆயிற்றே!" என்று மேதாவிகள் கேட்பார்கள். நிபுணர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊரைக் கேளாத நிபுணரால் வந்த வினையைத்தான் நினைவூட்டுகிறோம்.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது கணக்கு. கணக்குப் போட்டவர்கள் கற்றறிந்தவர்கள். ஆனால் மேலே திருப்பூரிலே சாயப்பட்டறைகள் பெருகிக் கொண்டிருந்தது அந்தக் கணக்கிலே ஏறவில்லை. வெள்ளியங்கிரி மலையிலே தெளிந்து பிறந்த ஆறு, சாயமும் உப்பும் சுமந்து அணைக்குள்ளே தேங்கியது. பிறகு நடந்ததோ விந்தையிலும் விந்தை! அணையில் தண்ணீரைத் தேக்குங்கள் என்று கெஞ்ச வேண்டிய உழவன், ஐயோ, தேக்காதீர்கள் என்று கதறினான். ஆயக்கட்டு விவசாயிகள் உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2006-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள்! பட்டறை மூடினால் சாயமேறிய துணி இல்லை. துணி இல்லையேல் கட்டிங் இல்லை, தையல் இல்லை. தையல் இல்லையேல் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன், பட்டினி கிடந்தவன் வேறொருவன்! பின்னர் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உயிரூட்ட வேண்டியதாயிற்று. அணைக்குக் கல் நடும் முன்பே, ஆற்றங்கரை விவசாயியையும் சாயப்பட்டறைத் தொழிலாளியையும் ஒரே பாயிலே உட்கார வைத்துக் கேட்டிருந்தால், ஆற்றுக்கு என்ன நேரும் என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா?

மறுபக்கத்தையும் பாருங்கள். நல்லாற்றின் நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் இதே திருப்பூரின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதைக் காக்க வேண்டும் என்று ஊராரும் பறவை ஆர்வலரும் விடாமல் குரல் கொடுத்தார்கள். அரசு செவி சாய்த்தது. 2022-இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் என்னும் உலகப் பட்டியலிலே இடம் பிடித்தது. 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சியிலே, ஊர்க்காரர்கள் நட்ட மரக்கன்றுகள் இலட்சக் கணக்கில் வளர்ந்திருக்கின்றன. ஊர் முன்னே நடந்து அரசு துணை நின்றால் என்ன விளையும் என்பதற்கு இவை சாட்சி.

உலகிலும் இது புதிதல்ல. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரிலே, 1989 முதல், நகராட்சிப் பணத்தை எந்தப் பகுதிக்கு எதற்காகச் செலவிடுவது என்று வட்டாரக் கூட்டங்களிலே குடிமக்களே கைதூக்கித் தீர்மானித்தார்கள். குடிநீரும் சாக்கடையும் அங்கே முன்னுக்கு வந்தன. அண்டையிலுள்ள கேரளத்தில், 1996-இல், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, மக்கள் கூடித் திட்டமிட வழி செய்தார்கள்.

நம்மிடம் கருவி இல்லையா? இருக்கிறது. மூன்று இலட்சம் பேருக்கு மேல் வாழும் நகரிலே வார்டு குழு வேண்டும் என்று 1992-இலேயே அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் சொல்லிவிட்டது. முப்பது ஆண்டுகள் ஏட்டிலே உறங்கிய அந்தச் சொல் தமிழ்நாட்டிலே விழித்துக் கொண்டது 2022 நவம்பர் 1 அன்று. அன்றுதான் நகரங்களிலே பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மறுபங்கு போடும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது.

கருவி இருந்தால் போதுமா? கூர் வேண்டாமா? இரண்டு குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். நம்மவர் ஆட்சியிலே வந்தது என்பதற்காக வாய் மூடுவது தொண்டனுக்கு அழகல்ல.

ஒன்று: பகுதி சபை என்பது வாக்காளர்களின் சபை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலே உழைப்பவர்களில் பெரும்பகுதியினர் மதுரை, தேனி, தஞ்சைப் பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வாக்கு ஓர் ஊரில். வியர்வை இன்னோர் ஊரில்! பட்டியலிலே பெயர் இல்லாத அந்தக் குடித்தனக்காரரும் வந்து பேச வழி வேண்டும். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் கடக்கும் சாக்கடையும் இந்த வார்டிலேதானே இருக்கின்றன?

இரண்டு: பங்குத் தொகை. பணமுள்ள தெரு ஒரே வாரத்தில் வசூலித்துப் பூங்கா வாங்கிவிடும். லைன் வீட்டுத் தெரு எங்கே போகும்? அங்கே மக்கள் பங்கை, அந்த மக்களின் உழைப்பாலே உயர்ந்த கம்பெனிகள் கட்டட்டும். தருமமாகக் கேட்கவில்லை, கடன் தீர்க்கச் சொல்கிறோம்.

தோழர்களே, இனி வேலை உங்களுடையது. அடுத்த பகுதி சபைக்கு நாள் குறிக்குமுன், உங்கள் தெருவை நீங்களே எண்ணுங்கள். எத்தனை குடித்தனம், எத்தனை கழிப்பறை, எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர், எந்த மூலையில் விளக்கு இல்லை, குப்பை எங்கே குவிகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெண்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது அதிகாரிக்குத் தெரியாது. பத்துக் கோரிக்கையை எழுதி, எது முதல், எது கடைசி என்று தெருவே கூடி முடிவு செய்யட்டும்.

சபையை வேலை நாளின் பகலிலே கூட்டாதே, ஞாயிறு மாலையிலே கூட்டு என்று கேளுங்கள். நிறைவேறிய தீர்மானத்தை நடவடிக்கைக் குறிப்பிலே ஏற்றச் சொல்லுங்கள். வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வார்டு முனையிலே பலகை வைக்கச் சொல்லுங்கள். கவுன்சிலர் நம் கட்சிக்காரராயினும் கேளுங்கள். கேட்பது பகையல்ல, உரிமை.

அரசு நிதி, அரசு நிதி என்கிறார்களே, அது யார் பணம்? நீங்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் கட்டுகிற வரிதானே அங்கே போய்க் கோடியாகத் திரண்டு, திட்டமென்ற பெயரிலே திரும்பி வருகிறது? உங்கள் பணத்துக்கு உங்களைக் கேட்காமல் கணக்கு எழுதுவது எந்த நியாயம்?

வடம் பிடித்துக் காய்த்த கை, இனி வழியையும் காட்டட்டும்!